தாய் வீட்டுக்குப் போன கோட்டை

எங்கள் ஊர்க் கோட்டை ஓரிடத்தில் இருக்கிறது, அதன் அகழி அரை மைல் தள்ளி இன்னோரிடத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் அகழியைப் பார்ப்பார்கள், பிறகு கோட்டையைப் பார்ப்பார்கள், கடைசியில் எங்களைப் பார்ப்பார்கள். போன வருஷம் அளவெடுக்க வந்த அதிகாரி ஒருவர் நாடாவை இழுத்து இழுத்து அளந்து, வெயிலில் கறுத்துப்போய், முதலில் கட்டிய கோட்டை இடிந்திருக்கும், அதற்குப் பிறகு இரண்டாவது கோட்டையை இங்கே கட்டியிருப்பார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். படித்தவர், பாவம். அவர் மனம் நோக வேண்டாமென்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தோம். இடிந்ததும் இல்லை, இரண்டாவதும் இல்லை. ஒரே கோட்டைதான், நடந்து வந்தது.

எருக்கலங்கோட்டைப் பாளையத்தை ஆண்டவர் கண்ணை மூடியபோது அவருக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். மூத்த தாரத்துக்கு வெகுகாலம் பிள்ளையில்லை என்று அவர் இளைய தாரம் கட்டினார்; அவள் மறுவருஷமே சிவனணைந்த துரையைப் பெற்றாள்; அதைப் பார்த்து ரோஷம் வந்ததோ என்னவோ, அதற்கடுத்த வருஷம் மூத்தவளும் இருளப்பத் துரையைப் பெற்றுவிட்டாள். ஆக, வயதில் பெரியவர் இளையவளின் மகன், வயதில் சின்னவர் மூத்தவளின் மகன். பட்டம் யாருக்கு என்றால் ஊரில் பாதிப்பேர் பெரியதுரைக்கு என்றார்கள், மீதிப்பேர் சின்னதுரைக்கு என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, தொல்லையே அதுதான்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்கு எங்கள் பக்கம் சேனை வைப்பது என்று பேர். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். இந்த இரண்டு துரைகளுக்கும் சேனை வைத்தவர் அவர்களுடைய அப்பா. அந்த மனிதர் பிடித்த பிடியை ஒருநாளும் விட்டவரில்லை. அப்புறம் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்?

சின்னதுரை கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணாச்சி இந்த மண்ணை விட்டுப் போகிறவரைக்கும் கதவு திறக்காது என்று சத்தியம் செய்தார். பெரியதுரை இருநூறு கூடாரத்தையும் ஒரு பீரங்கியையும் கொண்டுவந்து அகழிக்கு வெளியே இறக்கி, ஓரடிகூடப் பின்வாங்க மாட்டேன் என்று அவரும் சத்தியம் செய்தார். பாளையம் சேலை கிழிவதுபோல நடுவே கிழிந்தது. மாமனார் மதிலுக்கு மேலே நின்றால் மருமகன் கீழே நின்றான், அக்காள் உள்ளே உலை வைத்தால் தங்கை வெளியே உலை வைத்தாள், பகலெல்லாம் கவண்கல்லும் அம்பும் பறந்தன. ஆனாலும் உச்சிவேளைக்குக் கொம்பு ஊதினால் இரண்டு பக்கமும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும். சாப்பிடுகிறவன் மேல் கல்லெறிகிற அளவுக்கு எங்கள் ஊர் இன்னும் கெட்டுப்போகவில்லை.

கதவு சாத்திய அந்தக் காலையில்தான் சுடலைவடிவு தன் மகளை அழைத்துப்போக வந்தாள். அவள் மகள் உலகம்மாள், கோட்டைக் கதவின் சாவி வைத்திருந்த மாடக்கண்ணுவின் பெண்சாதி. ஏழு மாதம். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும், அதற்கு ஏழாம் மாதத்தில் தாய் கட்டுச்சோறு கொண்டுவந்து பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஏழு வகை சோற்றை ஏழு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவள் வந்து சேரவும், பாலத்தைத் தூக்கவும் சரியாக இருந்தது.

"ஏ மருமகனே! பாலத்தப் போடும், எம் மவளக் கூட்டிட்டுப் போயிருதேன்!" என்று இக்கரையிலிருந்து கத்தினாள்.

மாடக்கண்ணு மதிலிலிருந்து கையைப் பிசைந்தான். "அத்தே, சாவி எங்கிட்ட இருக்கு, உத்தரவு எங்கிட்ட இல்லியே. நான் என்ன செய்யட்டும்?"

சாவிக்காரன் பெண்டாட்டி வெளியே போனால் பின்னாலேயே சாவியும் போகும் என்று சின்னதுரைக்குச் சந்தேகம். ஆகவே உலகம்மாள் உள்ளே நின்றாள், அவள் தாய் வெளியே நின்றாள், ஏழு வகை சோறும் வெயிலில் ஊசிப்போனது. தாய் வீடு அங்கிருந்து அரை மைல்தான், கூரை முகடு மதிலிலிருந்தே தெரியும்.

உலகம்மாளுக்கும் அந்த மதிலுக்கும் பழைய பழக்கம் உண்டு. அவள் தகப்பன் கொம்பையாதான் மண்சுவர் வைக்கிற கூட்டத்துக்குத் தலைவர், இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோட்டையை வைத்ததே அவர். கரிசல் மண்ணில் வைக்கோலும் கடுக்காய்த் தண்ணீரும் பதநீரும் ஊற்றி ஏழு நாள் மிதிக்க வேண்டும். தாய் இடுப்பிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்திருந்த உலகம்மாளைப் பிடித்து வைக்க முடியாமல், போய் மிதி என்று அவரே சேற்றில் இறக்கிவிட்டார். ஒரே ஒரு மூலையைத் தவிர, அந்தச் சுவரில் அவள் கால் படாத ஒரு கூடை மண்கூடக் கிடையாது. அதனால் இப்போது அவள் தினமும் உச்சிவேளையில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, கிழக்கு மதிலில் கையை வைத்து, தகப்பன் வீட்டு மாட்டிடம் பேசுகிற மாதிரி, "எங்க அம்மா வீட்டுக்குப் போணும்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

எட்டாம் நாள் உச்சிவேளையில் கோட்டை கிளம்பியது. இடிமுழக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மதில், கொத்தளம், அரண்மனை, லாயம், குடிசைகள், கிணறு எல்லாம் சேர்ந்து கிழக்கே பதினாலு தப்படி போய் நின்றன. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கஞ்சி கலயத்தில் ஒருமுறை லேசாகச் சாய்ந்து நேராயிற்று, அவ்வளவுதான். அகழி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பள்ளம் எங்கேயாவது நடக்குமா? கிணறு நடந்ததே என்று கேட்காதீர்கள். கிணறு தண்ணீர் கொடுத்தது, கூட வந்தது. அகழி முதலை வளர்த்தது, வராவிட்டால் போகட்டும்.

முதலில் பார்த்தது சுடலைவடிவுதான். தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்து அகழிக் கரையில் உட்கார்ந்து மகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவள், அன்றைக்கு மதில் அகழியைத் தாண்டி அவள் சோற்று மூட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்த்து, "மெதுவா வா தாயி, வயித்துப் புள்ளக்காரி" என்று சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பிரசவ அறையை மெழுக ஆரம்பித்தாள்.

பெரியதுரைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அகழி போனது பாதி வெற்றி என்று உடனே ஏணியைச் சாத்தச் சொன்னார். மதிலில் ஏணி நின்றால்தானே? ஏணி கட்டிச் சாத்தி முடிப்பதற்குள் மறுநாள் உச்சிவேளை வந்துவிட்டது, பதினாலு தப்படி நகர்ந்த மதிலோடு ஏணியெல்லாம் மல்லாந்து விழுந்தன. பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தி, கொம்பையாவைக் கூப்பிட்டார்.

"இந்தச் சுவர வச்சவன் நீ. எங்க அடிச்சா விழும்?"

கொம்பையாவுக்கு அது தெரியும். உலகம்மாள் காய்ச்சலில் படுத்த ஒருநாள் கூலி ஆள் மிதித்த மண் வடமேற்கு மூலையில் இருந்தது, ஒரு குண்டு தாங்காது. அந்த மூலைக்குப் பின்னால்தான் சாவிக்காரன் குடிசை. வாழ்நாளில் சுவரைப்பற்றி ஒரு பொய் சொல்லாத மனிதர், ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "தெக்கு மொகப்பு, எசமான்" என்று இருப்பதிலேயே கெட்டியான இடத்தைக் காட்டினார். முப்பத்தொரு குண்டுகள் தெற்கு முகப்பில் போய்ப் பதிந்தன. இன்றைக்கும் போனால் பார்க்கலாம், ஒன்றில்கூட விரிசல் கிடையாது. எங்கள் பெண்கள் அதில் சாணி வரட்டி தட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஊர் கோட்டையின் நடைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. எந்த அதிசயத்தையும் மூன்று நாளைக்கு மேல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்குப் பொழுது கிடையாது. கிழக்கே கூடாரம் போட்ட படைவீரர்கள் காலையில் கூடாரத்தைப் பிடுங்கிப் பதினாலு தப்படி தள்ளிப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தார்கள். பின்வாங்கக் கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்ததால், இதற்குப் பின்வாங்குவது என்று பேர் சொல்லாமல், இடம் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டார்கள். மேற்கே போட்டவர்களுக்கு வேறு கஷ்டம், அவர்கள் முற்றுகையிட்ட கோட்டையைத் தினமும் விரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சோம்பேறித்தனமாகப் பிடுங்காமல் விட்ட கூடாரத்தை மதில் நோகாமல் தாண்டிப்போகும். உள்ளே படுத்திருந்தவன் எழுந்து வெளியே வந்தால் கோட்டைக்குள் நிற்பான்.

முதலில் உள்ளே போனது ஒரு கம்புக்கொல்லை, கதிர் முற்றிய கொல்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவாரம் பசியாறினார்கள். அப்புறம் புளியமரம் போயிற்று, குயவர் வீடும் சூளையும் போயின, பெரியதுரைப் படையின் சமையல் கொட்டகை பன்னிரண்டு அண்டாவோடு போயிற்று. சமையற்காரர்கள் கரண்டியைக் கீழே வைக்காமல் யாருக்குப் பரிமாறுவது என்று மட்டும் கேட்டார்கள். பசித்தவனுக்குப் போடு என்றாள் உலகம்மாள், போட்டார்கள். உள்ளே இடம் எப்படிப் போதும் என்று யாரும் கவலைப்படவில்லை. வந்தது வரவர முற்றம் தானாக அகன்றுகொடுத்தது. எதிரே இருந்த மாடசாமி பீடத்துக்கு முன்னால் மட்டும் கோட்டை ஒருநாள் முழுக்க நின்று, மறுநாள் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அதன் நடத்தையைப்பற்றி யாருக்கும் குறை இல்லை.

"நாளைக்கி ஒங்க வீடு உள்ள போயிரும் போலுக்கே?"

"ஆமா மதினி. எங்க நாத்தனா அங்கதான இருக்கா, பாத்து நாளாச்சி."

இப்படிப் பேசிக்கொண்டு பானை சட்டியை அடுக்கிவைத்தார்கள். சில வீரர்கள் தங்கள் பெண்டாட்டிமார் உள்ளே இருப்பதை நினைத்து, வேண்டுமென்றே மதிலின் வழியில் போய்ப் படுத்துக்கொண்டதும் உண்டு.

அறுபத்தேழாம் நாள்வாக்கில் பெரியதுரையின் மந்திரியான தானாபதிக்குக் கணக்கு விளங்கிவிட்டது. கோட்டை வருகிற வழியில் ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்து, கயிற்றின் நுனி எந்த வாசலில் போய் விழுகிறது என்பதைக் கண்டுகொண்டு துரையிடம் வந்தார்.

"எசமான், அது அந்தச் சுவர் வச்ச கொம்பையா வீட்டுக்குத்தான் போகுது. வீட்ட இடிச்சுப்புட்டா போக எடம் இருக்காது. நின்னுரும். நின்ன கோட்டைய நாம சாவகாசமாப் புடிச்சுக்கிடலாம்."

ஐம்பது பேர் கடப்பாரையோடு போனார்கள். சுடலைவடிவு பிரசவ அறைக்குப் பழைய சேலைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த சேலையோடு வாசலுக்கு வந்து, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வீடு போனால் மகள் எங்கே போய்ப் பெறுவாள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"இடிங்கய்யா. அதுக்கு முந்தி ஒவ்வொருத்தனும் நீ எந்த வீட்டுல பொறந்தன்னு சொல்லிட்டு இடிங்க."

தலைப்பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு அம்மாச்சி வீட்டில் பிறந்தவர்கள்தான், அந்த அறையும் அந்த வாசலும் அவர்களுக்குத் தெரியும். முன்னால் நின்றவன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, "ஓலை அங்கன ஒழுகும் போலுக்கே, அத்தே" என்றான். மாலை வருவதற்குள் ஐம்பது பேரும் சேர்ந்து கூரையை மாற்றி வேய்ந்து கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பெரியதுரைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தன் நாற்காலியைத் தூக்கச் சொல்லி, அந்த வீட்டுக்கு நேர் முன்னால், கோட்டை வருகிற பாதையில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஓரடி பின்வாங்க மாட்டேன் என்பது அவர் சத்தியம். கூடாரக்காரர்களைப்போல இடம் கொடுக்கவும் மாட்டார். சுவரா நானா என்று பார்த்துவிடுவது என்று மீசையை முறுக்கிக்கொண்டு, வெயிலிலும் பனியிலும் பத்தொன்பது நாள் அப்படியே இருந்தார். சுடலைவடிவு வேளாவேளைக்கு அவருக்கும் ஒரு கும்பா கூழ் கொண்டுவந்து வைத்தாள். துரை குடித்தார், நன்றி சொல்லவில்லை.

எண்பத்தேழாம் நாள் காலையில் உலகம்மாளுக்கு இடுப்பு வலி கண்டது. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இன்னும் இருபத்தெட்டுத் தப்படி இருந்தது, இரண்டு நாள் நடை. மருத்துவச்சி வெளியே, தாய் வெளியே. மாடக்கண்ணு சாவியைத் தூக்கிக்கொண்டு சின்னதுரையின் காலில் விழுந்தான்.

"எசமானே, ஒரு நாழிகை தெறந்து மூடிருதேன். எம் பெண்டாட்டி செத்துப் போவா."

சின்னதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அண்ணாச்சி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது கதவைத் திறப்பது என்பது அவருக்கு வரவே இல்லை.

உலகம்மாள் புருஷனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மதிலுக்குப் போனாள். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, வலி வந்தபோது பல்லைக் கடித்து, வலி விட்டபோது, "இன்னிக்கி மட்டும் எனக்காவ எட்டிப் போடு" என்றாள். இன்னும் உச்சிவேளை ஆகவில்லை, கொம்பும் ஊதவில்லை. கோட்டை ஒரே எட்டில் இருபத்தெட்டுத் தப்படியும் தாண்டி, நாற்காலியையும் அதில் இருந்தவரையும், வீட்டையும் கோழிக்கூட்டையும், மருத்துவச்சியையும் சேர்த்து உள்ளே வாங்கிக்கொண்டு நின்றது. நின்றது நின்றதுதான், இன்றுவரைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

உலகம்மாள் முற்றத்தைக் கடந்து தன் தாய் வீட்டுக்குள் நடந்து போனாள்.

பெரியதுரை நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பிப் பார்த்தார். பத்தடி தூரத்தில் தம்பி நின்றார். அண்ணன் ஓரடி பின்வாங்கவில்லை, தம்பி கதவைத் திறக்கவில்லை, இருவர் சத்தியமும் பழுதில்லாமல் இருந்தது. இருவர் கையும் வாளில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பிள்ளை அழுதது.

கொஞ்ச நேரத்தில் சுடலைவடிவு சேனைக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். பொம்பளப் பிள்ளை என்றாள். கோட்டைக்குள் பிறந்த பிள்ளைக்குப் பட்டத்துக்குரியவர் சேனை வைப்பது வழக்கம். ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் வாளை உறையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். சுடலைவடிவு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வேண்டாம். ஒங்க கொணம் எம் பேத்திக்கு ஆவாது."

அந்தப் பாளையத்தில் எவரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை. முப்பத்தொரு குண்டுக்கும் அசையாத சுவர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு துரைகளும் தலையைக் குனிந்தார்கள். உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல் களைப்போடு வந்தது: "அய்யா வைக்கட்டும்மா. மொதல்ல சுவரத் தொட்டுட்டு வந்து வைக்கச் சொல்லு." கொம்பையா போய் மதிலில் விரலை வைத்துவிட்டு வந்து, பேத்தியின் நாக்கில் தொட்டு வைத்தார். சுவரைப்பற்றிச் சொன்ன பொய்யை அப்போதுதான் நினைத்தாரோ என்னவோ, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பிள்ள பெத்த வீட்டுக்குச் சொந்தபந்தம் வரணும். கதவத் தெறங்க" என்றாள் சுடலைவடிவு. சின்னதுரை தன் சத்தியத்தை அதோடு விட்டுவிட்டு, மாடக்கண்ணுவைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே மிச்சமிருந்தவர்கள், துரையே உள்ளே இருக்கும்போது யாரை முற்றுகையிடுவது என்று தெரியாமல், கூடாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியதுரை சுடலைவடிவின் வாசலுக்கு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்த பிள்ளைக்காவது நான் வைக்கலாமா?"

பின்னாலேயே வந்த சின்னதுரை, "இல்ல, நானு" என்றார்.

"பாப்போம்" என்றாள் அவள்.

எங்கள் பாளையத்தை அதற்குப் பிறகு ஆண்டது அந்த ஒரு வார்த்தைதான். அவர் கண்மாய்க்குக் கரை போட்டால் இவர் மடை வைத்தார், இவர் ஒரு வழக்கை நியாயமாகத் தீர்த்தால் அவர் இரண்டைத் தீர்த்தார், இருவரும் ஒரே திண்டில் உட்கார்ந்து பழகினார்கள், நாளடைவில் சிரிக்கவும் பழகினார்கள். உலகம்மாள் ஒன்பது பிள்ளை பெற்றாள். அடுத்த ஏழு பிரசவத்திலும் இருவரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வாசலில் வந்து நின்றார்கள். ஏழு முறையும் பாப்போம் என்ற பதிலோடு திரும்பிப் போனார்கள். ஒன்பதாவது பிறந்தபோது இருவருக்கும் மீசை முழுக்க நரைத்திருந்தது. சுடலைவடிவு அப்போது படுத்த படுக்கை. படுக்கையிலிருந்தபடியே கிண்ணத்தை நீட்டி, "வாங்க, ரெண்டு பேருமே வைங்க" என்றாள். அண்ணன் கை நடுங்கியதால் தம்பி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார், தம்பிக்குப் பார்வை மங்கியதால் அண்ணன் அவர் விரலைப் பிடித்துப் பிள்ளையின் நாக்கில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த ஒன்பதாவது பிள்ளையின் வழியில் வந்தவள் நான். அதனால் எனக்குள் இருவரும் இருக்கிறார்கள், ஒருத்தர் கதவைத் திறக்காதே என்பார், ஒருத்தர் ஓரடி நகராதே என்பார். சத்தம் தாங்காத நாளில் நான் கிழக்கு மதிலுக்குப் போய் இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் ரெண்டு கிழவர்களும் அடங்கிவிடுவார்கள்.